மண்ணு படாத மாம்பழம்

ஒரு ஊர்ல ஒரு மாமரம் இருந்துச்சு. மரம்னா, நம்ம தெருமுனையில நிக்குதே, ஆடு உரசுனாலே ஆடுற நோஞ்சான், அது மாதிரி நெனச்சுக்காத. அண்ணாந்து பாத்தா தலையில கட்டுன துண்டு பின்னாடி விழுந்துரும். அம்புட்டு ஒசரம். ஏய் யாழு, காலை நீட்டாத, அத்தை வயித்துல உதைக்குது. ம், அப்படிச் சுருட்டிக்க. இப்பவே சொல்லிட்டேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நான் கதையை அந்தரத்துல விட்டுட்டு குறட்டை விட ஆரம்பிச்சுருவேன்.

"ம்."

அது! அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு முள்ளு வேலி. வேலி மேலயே மரம் நிக்குது. அண்ணன் காத்தான் ஒரு வீட்டுல, தம்பி சடையன் ஒரு வீட்டுல. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எதுனாலங்குற? ஒரு மாங்காய்னால!

சிரிக்காத, நிஜமாத்தான். முன்னாடியெல்லாம் அந்த மரத்துல காய் எறக்குனா ஊரே வேடிக்கை பாக்கும். சடையன் அணில் மாதிரி விறுவிறுன்னு உச்சிக்கு ஏறிடுவான். கீழ காத்தானும் அவன் பொண்டாட்டி அழகியும் ஒரு சாக்கை ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மேல இருந்து சடையன் ஒரு காயைக் காம்போட திருகி, "விட்டேன்!"னு ஒரு சத்தம் குடுப்பான். கீழ இருந்து இவங்க, "வா!"ன்னு ஒரு சத்தம். காய் சர்ர்ர்னு வரும். சாக்குல விழுதா, அப்போ ரெண்டு பேரும் வெறைப்பா நிக்க மாட்டாங்க. காயோட கூடவே முட்டியை மடக்கி, கையைத் தாழ்த்தி, மெதுவா எறங்குவாங்க. தான் விழுந்ததே அந்தக் காய்க்குத் தெரியாது. ஒரு கீறல் இருக்காது, அடிபட்டுக் கருத்த ஒரு கன்னிப்பு இருக்காது. "விட்டேன்! வா! விட்டேன்! வா!" காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் இதே பாட்டுத்தான்.

"ம்."

அப்புறம் ஒரு நாள் ஒரு காய் வந்துச்சு. சாக்குக்கு வரல. பக்கத்துல ஒரு கல்லு கெடந்துச்சு, அது மேல வந்து, படார்! ரெண்டாப் பொளந்து போச்சு.

"என்னடா, சத்தமே குடுக்காம விடுற?"ன்னான் காத்தான்.

"குடுத்தேனே! மதினி காதுல வாங்கல. ஏந்தத் தெரியலைன்னா சாக்கை ஏன் பிடிக்கணும்?"னான் சடையன், மேல இருந்தபடியே.

மதினின்னா அண்ணன் பொண்டாட்டி, அழகி. அவளுக்கு வந்துச்சு பாரு கோவம்! சாக்கை அப்படியே வீசிட்டா. "எனக்கா ஏந்தத் தெரியல? இந்தக் கை எத்தனை காயை ஏந்தியிருக்கு, ஒண்ணு கன்னியிருக்கா?"ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயிட்டா. காத்தான் பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்தான், சடையன் எறங்கி வந்து நெஞ்சை நிமித்துனான். அவன் சத்தம் குடுத்தானா இல்லையா? எனக்கென்ன தெரியும், நானா பக்கத்துல நின்னேன்? காக்கா கத்துச்சோ, காத்து அடிச்சுச்சோ. ஒரு காய் அடிபட்டா எடுத்து ஊறுகா போட்டுட்டுப் போக வேண்டியதுதான? இவங்க ஊர்க்கூட்டம் போட்டாங்க.

ஊர்க்கூட்டத்துல பெரிய பெரிய மீசையா உக்காந்து என்ன தீர்ப்பு சொன்னாங்க தெரியுமா? "இனிமே யாரும் மரத்துல ஏறக்கூடாது. தொரட்டி நீட்டக்கூடாது. கல்லு விடக்கூடாது. பழுத்துத் தானா விழுறது எந்த வாசல்ல விழுதோ, அது அந்த வீட்டுக்கு."

நல்ல தீர்ப்பு போ! சண்டை போட்டது இவங்க, அடி வாங்குறது பழம். அன்னையில இருந்து தொப்! சளக்! தொப்! சளக்! அம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்தா என்னத்துக்கு ஆகும்? தோலு கிழிஞ்சு, சாறு ஒழுகி, ஈ மொய்ச்சுக் கெடக்கும். மண்ணை ஊதி ஊதித் திம்பாங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் பல்லுல மண்ணு நரநரன்னு கடிபட திம்பாங்களே தவிர, "போதும்டா அண்ணே", "போதும்டா தம்பி"ன்னு ஒரு வார்த்தை யார் வாயிலயும் வராது. வீம்பு! உங்க அப்பனுக்கு இருக்கே, அதே வீம்புதான். சொல்லாத போய், நான் சொன்னேன்னு.

"ம்... சொல்ல மாட்டேன்."

அப்புறம் இந்தச் சடையனுக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு பேரு குருவம்மா. அடுத்த ஊருக்காரி. வாயி கொஞ்சம் துடுக்கு, மனசு வெள்ளை. இந்தச் சண்டையெல்லாம் அவ வர்றதுக்கு முந்தியே நடந்து முடிஞ்சது. ரொம்ப நாளாப் பிள்ளை இல்லாம இருந்து, கோயில் கோயிலாப் போயி, அப்புறம் ஒருவழியா வயித்துல பிள்ளை தங்குச்சு. அவளுக்கு சந்தோஷம்னா சந்தோஷம், நடக்கும்போதே ரெண்டு கையும் வயித்து மேலதான்.

இப்போ நல்லாக் கேளு. அந்த வம்சத்துல ஒரு வழக்கம். பிள்ளைத்தாச்சிக்கு ஏழாம் மாசம் மடி நெறைப்பாங்க. பூவு, மஞ்சள், வளையல் எல்லாம் வைக்கிறதுதான். ஆனா இவங்களுக்கு அதோட ஒண்ணு கூட. வேலி மேல நிக்கிற அந்தப் பெரிய மரத்துப் பழம் ஒண்ணு, மண்ணு படாதது, அடி படாதது, அதை மூத்த மருமக தன் கையால மடியில வைக்கணும். அந்தப் பழத்தைப் பிள்ளைத்தாச்சி சாப்பிட்டுட்டு கொட்டையைப் பத்திரமா வச்சிருப்பா. பிள்ளை பொறந்த அன்னைக்கு அந்தக் கொட்டையை ஊனுவாங்க. பிள்ளை தவழும்போது செடி துளுக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது செடி அதோட தோளுக்கு நிக்கும். அந்த வீட்டுல பொறந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு மரம் உண்டு. காத்தானுக்கு ஒண்ணு, சடையனுக்கு ஒண்ணு, அழகி மகனுக்கு ஒண்ணு.

"எனக்கு?"

உனக்குத் தொட்டியில துளசி இருக்குல்ல, அது போதும். கேளு கதையை.

குருவம்மா வாசல்ல நின்னு அண்ணாந்து பாக்குறா. ஆனி மாசம் முடியப் போகுது. பழமெல்லாம் விழுந்து தீந்து போச்சு. உச்சியில மூணே மூணு பழம் தொங்குது. கிளி கொத்தாம, அணில் கடிக்காம, தங்கம் மாதிரி மூணு. இன்னும் கொஞ்ச நாள்ல ஆடிக் காத்து வந்துரும், வந்தா எல்லாம் போச்சு.

சடையன் சொன்னான், "இதுக்குப் போயி ஏன் மருகுற? சந்தையில நல்ல பழமா ஒண்ணு வாங்கியாந்துர்றேன்."

"சந்தைப் பழத்துக்கு இந்த வீடு தெரியுமா? எல்லாருக்கும் மரம் இருக்கும்போது என் பிள்ளை மட்டும் மரமில்லாம நிக்கணுமா?"ன்னா குருவம்மா. கண்ணு கலங்கிருச்சு. சடையன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டான்.

அப்போ குருவம்மா என்ன செஞ்சா, நேரா வேலிக்குப் போனா. அந்தப் பக்கம் அழகி மொறத்துல சோளம் பொடைச்சுக்கிட்டு இருக்கா. சட், சட், சட். பக்கத்துல ஒரு செவலைச் சேவல் சிந்துறதைக் கொத்துது.

"அக்கா"ன்னா குருவம்மா.

சட், சட், சட்.

"அக்கா, எனக்கு ஏழாம் மாசம். நீங்கதான் மடியில பழம் வைக்கணும்."

அழகி நிமுந்து பாக்கல. சேவலைப் பாத்துச் சொன்னா, "ஏ சேவலு, மண்ணு படாத பழம் இருந்தா கொண்டாரச் சொல்லு, வைக்கிறேன். இல்லாத பழத்தை நான் எந்தக் கையால எடுத்து வைக்கிறதாம்?"

சேவல் என்ன சொல்லும் பாவம்? "கொக்கரக்கோ"ன்னுச்சு.

"சரி, கொண்டாறேன்"னா குருவம்மா. சேவல்கிட்டதான். மரியாதை இல்லாம பேசுனதா அவளுக்குத் தோணல, சிரிப்புத்தான் வந்துச்சு. "வைக்கிறேன்"னு அழகி சொன்னால்ல, அதுவே அவளுக்கு ஒரு தெம்பு. இந்தா, தலகாணியை ஏன் மிதிக்கிற? தூங்குறியா?

"ம்ஹூம். பழம் எடுத்தாளா?"

எங்க எடுக்க? ஏறக்கூடாது, தொரட்டி போடக்கூடாது. தானா விழணும், விழுந்தா அடிபடவும் கூடாது. குருவம்மா யோசிச்சா யோசிச்சா, மாட்டுக் கொட்டகையில இருந்து வைக்கோலை அள்ளி அள்ளிக் கொண்டாந்தா. அந்த மூணுல ஒண்ணு இவ வாசல் பக்கமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நேர் கீழ, முழங்கால் ஒசரத்துக்கு மெத்து மெத்துன்னு பரப்பி வச்சா. பரப்பிட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. மறுநாள் விடியக் காலம்பர, சர்ர்ர்ர், புஸ்ஸ்! ஓடிப் போயி வைக்கோலை விலக்கிப் பாக்குறா, பழம் முழுசா இருக்கு! ஒரு கீறல் இல்லை! குதிக்கணும்னு தோணுச்சு, பிள்ளைத்தாச்சி குதிக்கக்கூடாதேன்னு கையை மட்டும் தட்டிக்கிட்டா.

அன்னைக்குப் பூரா அதைத் துணியில சுத்தி வச்சிருந்து, அடுத்த நாள் காலையில வேலிக்குக் கொண்டுபோனா. அழகி வாங்குனா. மோந்து பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் அடிப்பக்கம் கட்டை விரலால லேசா ஒரு அமுக்கு. விரலு உள்ள போச்சு. அங்க தோலுக்கு அடியில கருகருன்னு.

அடிபட்ட பழம் உடனே காட்டாது, யாழு. அது வச்சிருந்து மறுநாள்தான் காட்டும்.

குருவம்மா உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா. அழகி ஒரு நொடி அவ முகத்தைப் பாத்தா, அப்புறம் சட்டுனு சேவல் பக்கம் திரும்பிக்கிட்டா. "ஏ சேவலு, வைக்கோலு மெத்துன்னு இருந்து என்ன? அதுக்கு அடியில தரை இருக்குதுல்ல. தரை தரைதான்னு சொல்லு."

"கொக்."

அப்போ தரையே இல்லாம ஒண்ணு வேணும். குருவம்மா சுத்தி முத்தி பாத்தா. ஆங், கயித்துக் கட்டிலு! தரதரன்னு இழுத்தாந்து, வேலி ஓரமா இவ பக்கமே தொங்குன ரெண்டாவது பழத்துக்கு நேர் கீழ போட்டா. கயித்தை நல்லா இழுத்து முறுக்கிக் கட்டுனா. அடுத்த நாள் மத்தியானம், வெயிலு சுரீர்னு அடிக்குது, பழம் வருது. சர்ர்ர்ர்ர், டொய்ங்ங்ங்!

கட்டில்ல பட்டு எகிறுச்சு பாரு, வேலியைத் தாண்டி, அழகி வீட்டு வாசலுக்குப் பறந்து, சேவல் தண்ணி குடிக்கிற சட்டியில போயி, சளார்! சட்டி ஒடைஞ்சு, பழம் ஒடைஞ்சு, சேவல் "கெக்கெக்கெக்கே"ன்னு கூரை மேல ஏறிருச்சு.

அழகிக்குச் சிரிப்பு. அடக்க முடியல. வாயில சேலையைத் திணிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே வேலிப் பக்கம் பாத்தா. குருவம்மா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுறா. சத்தமே இல்லாம, தோளு மட்டும் குலுங்குது. இன்னும் ஒரே ஒரு பழம்தான் உச்சியில. அது எந்த வாசலுக்கும் சேராம நட்ட நடுவுல, வேலிக்கு நேர் மேல தொங்குது. கீழ விழுந்தா முள்ளு மேலதான் விழும்.

அழகிக்குச் சிரிப்பு நின்னு போச்சு. சேவலைத் தேடுனா. அது கூரை மேல இருக்கு. வேற வழியில்லாம கூரையைப் பாத்தே சொன்னா, "கட்டிலு அப்படியே நிக்குது. நின்னா பழம் எகிறத்தான் செய்யும். கையின்னா பழத்தோட கூடவே எறங்கும்."

குருவம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "கை ஒரு ஜோடி என்கிட்ட இருக்கு. இன்னொரு ஜோடிக்கு நான் எங்க போவேன்?"

அழகி உக்காந்து திரும்பவும் மொறத்தைக் கையில எடுத்துட்டா.

அப்போ அவளுக்கு அந்தத் துடுக்கு வாயி வந்துச்சு பாரு. "உங்களைக் கேக்கலாம்தான். ஆனா எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, உங்களுக்கு ஏந்தத் தெரியாதாமே?"

"யாருடி சொன்னது?" அழகி மொறத்தை வச்சுட்டு எந்திரிச்சுட்டா. சேவலும் இல்லை, கூரையும் இல்லை, நேரா குருவம்மா மூஞ்சியைப் பாத்து! "எனக்கா? எனக்கா தெரியாது? இருடி, வர்றேன்!"

வீட்டுக்குள்ள இருந்து காத்தான், "யாருகூட அங்க சத்தம்?"னான்.

"சேவல்கூட!"ன்னு சொல்லிட்டு அழகி பரண் மேல கைய விட்டா. பழைய சாக்கை எலி கடிச்சு ஓட்டையாக்கி வச்சிருந்துச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு, தொவைச்சுத் தொவைச்சு மெத்துன்னு ஆன ஒரு பழைய நூல் சேலையை எடுத்து நாலா மடிச்சு வேலிக்குக் கொண்டாந்தா. வேலிக்கு மேல விரிச்சு, அந்த ஓரத்தை அழகி பிடிக்க, இந்த ஓரத்தைக் குருவம்மா பிடிக்க. ஆளு அவங்கவங்க வாசல்லதான், சேலை மட்டும் நடுவுல. யாழு?

"ம்... கேக்குறேன்."

மொதல்ல ஒரு எலுமிச்சங்காயை மேல தூக்கிப் போட்டுப் பழகிப் பாத்தாங்க. டப்! எகிறி விழுந்துச்சு.

"இழுக்காதடி!"ன்னா அழகி.

"நீங்கதான்க்கா இழுக்குறீங்க!"

பாத்தா ரெண்டு பேருமே இழுக்குறாங்க. இவ தன் வாசலுக்கு, அவ தன் வாசலுக்கு. சேலை முரசு மாதிரி வெறைச்சு நிக்குது. அதுல என்ன விழுந்தாலும் எகிறாம என்ன செய்யும்? அத்தனை வருஷமா இழுத்து இழுத்தே பழகிப் போச்சு ரெண்டு வீட்டுக்கும். அழகிக்கே அதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிருச்சு. ரெண்டடி முன்னாடி வந்தா. சேலை தொட்டில் மாதிரி தொய்ஞ்சுச்சு. "இப்போ போடு. காய் வந்து தொட்டதும் ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கணும். உன் வயித்துக்கு ஏத்த மாதிரி மெதுவா எறங்கு, உன்கூடவே நானும் எறங்குறேன்"னா.

எலுமிச்சங்காய் வந்துச்சு. எறங்குனாங்க. சத்தமே இல்லை. அழகி உள்ளங்கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, தலையை மட்டும் ஆட்டிக்கிட்டா.

அப்புறம் என்ன, காத்திருக்க வேண்டியதுதான். காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், சேலையைப் பிடிச்சுக்கிட்டு எதுத்தாப்புல நிக்கிறாங்க. எதுத்தாப்புல நின்னா எம்புட்டு நேரம்தான் பேசாம இருக்க முடியும்? மொதல் நாள் அண்ணாந்து மரத்தையே பாத்தாங்க. அடுத்த நாள், "சோறு தண்ணி எறங்குதா உனக்கு?"ன்னா அழகி. "புளிப்பு மட்டும்தான்க்கா எறங்குது." அதுக்கு அடுத்த நாள் அழகி வரும்போது இடுப்புல ஒரு சின்ன சாடி, உள்ள நார்த்தங்கா ஊறுகா. அப்புறம் அழகி மகன் பொறந்த கதை, குருவம்மா கோயிலுக்குப் போன கதை, மாமியா உசுரோட இருந்த காலத்துக் கதை. சேலை பாட்டுக்குத் தொய்ஞ்சு கெடக்கு, இவங்க பாட்டுக்குப் பேசுறாங்க. குருவம்மாவுக்கு இடுப்பு வலிச்சா அழகி கண்டுபிடிச்சுருவா. "உக்காருடி, பழம் என்ன ஓடியா போகப் போகுது?"ன்னு அதட்டுவா.

ஆம்பளைங்க ரெண்டு பேரும்? பாக்காத மாதிரியே பாத்துக்கிட்டு இருந்தாங்க. காத்தான் வாசல்ல உக்காந்து தீட்டுன அருவாளையே திரும்பத் திரும்பத் தீட்டுறான், சர்க் சர்க்னு. சடையன் திரிச்ச கயித்தையே பிரிச்சுப் பிரிச்சுத் திரிக்கிறான். கண்ணு மட்டும் உச்சியில அந்தப் பழத்தோட காம்பு மேல. மரத்துல ஏறாட்டி என்ன, அவனுக்கு அந்த மரத்தோட ஒவ்வொரு கொப்பும் தெரியும். ஆனா அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் ஏறெடுத்துப் பாக்கணுமே! பாக்க மாட்டாங்களே!

"ம்..."

கண்ணு சொக்குது உனக்கு. இரு, இப்பத்தான் பழம் விழப் போகுது.

ஒரு நாள் சாயங்காலம் மலைப் பக்கம் இருந்து உர்ர்ர்ர்னு ஒரு சத்தம். ஆடிக் காத்து வந்துருச்சு! சடசட சடசடன்னு எலையெல்லாம் பறக்குது. கொட்டகைக் கூரை பேயாட்டம் ஆடுது. குருவம்மாவும் அழகியும் சேலையைப் பிடிச்சுக்கிட்டு ஓடியாந்து நின்னாங்க. சேலை படபடன்னு அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது. மேல பாத்தா புழுதி. எலை மறைக்குது. பழம் எங்க இருக்குன்னே தெரியல. குருவம்மா அண்ணாந்து அண்ணாந்து தேடுறா. "ஆத்தா, இது ஒண்ணுதான் இருக்கு. என் பிள்ளைக்கு இது ஒண்ணுதான்"னு வாய்விட்டே சொல்லிட்டா.

அப்போ, இந்தப் பக்கத் திண்ணையில இருந்து சடையன் எந்திரிச்சான். அவனுக்கு மட்டும்தான் காம்பு தெரியுது. காத்து பழத்தைக் கெழக்க தள்ளுது. நேரா விழாது, தள்ளித்தான் விழும். காம்பு முறியப் போகுது, முறியுது, முறிஞ்சிருச்சு! அவனுக்கு என்ன சொல்றோம்னு நெனப்பே இல்லை. பழைய பழக்கம். ரெண்டு கையையும் வாயில குவிச்சு, அந்தக் காத்தையும் மீறி,

"விட்டேஏஏன்! கெழக்கேஏ!"

அந்தச் சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, அந்தப் பக்கம் காத்தான் அருவாளைத் தூக்கி எறிஞ்சுட்டு,

"வாஆஆ!"

ஒரே தாண்டு! வேலிக்கு மேல! வருஷக்கணக்கா மிதிக்காத தம்பி வாசல்ல தொப்புனு குதிச்சான். குருவம்மா வயித்தோட ஓட முடியாம நிக்கிறா. "விடு தாயி!"ன்னு அவ கையில இருந்து சேலை ஓரத்தை வாங்குனான். அழகி அவன் கண்ணைப் பாத்தா, அவ்வளவுதான். வேலி ஓரமா இவ அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், கெழக்கே ரெண்டு எட்டு, மூணு எட்டு, சர்ர்ர்ர்ர்ர்ர்...

எறங்குனாங்க. முட்டி மடங்கி, கை தாழ்ந்து, முள்ளுக்கு ஒரு சாண் மேல வரைக்கும் எறங்குனாங்க.

சத்தமே இல்லை.

காத்து கூட ஒரு நிமிசம் நின்ன மாதிரி இருந்துச்சு குருவம்மாவுக்கு. பக்கத்துல போகவே பயம். மெதுவாப் போயி எட்டிப் பாத்தா. சேலைக்கு நடுவுல, தொட்டில்ல பிள்ளை கெடக்குற மாதிரி, பழம். ஒரு கீறல் இல்லை. அழகி எடுத்து அடியில, பக்கத்துல, காம்பு மூட்டுல எல்லாம் கட்டை விரலால தடவிப் பாத்தா. எங்கயும் கன்னல.

காத்தான் தம்பி வாசல்ல நிக்கிறோம்னு அப்பத்தான் உணந்தான். எந்தக் கால எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னான். கடைசியில தரையைப் பாத்துக்கிட்டுச் சொன்னான், "இந்தத் தடவை சத்தம் குடுத்தடா."

சடையன் அழகியைப் பாத்தான். "மதினி"ன்னான். "நல்லா ஏந்துனீங்க, மதினி."

அவ்வளவுதான் சொன்னான். அழகி, அந்த வாயாடி, சேவல்கூடச் சண்டை போடுற அழகி, சேலையை மூஞ்சில மூடிக்கிட்டு ஓன்னு அழுதுட்டா. அத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தை அவ நெஞ்சுலயே கெடந்து கருத்துக்கிட்டு இருந்திருக்கு, பாவம். சடையனும் அழுதான். காத்தான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "புழுதி, புழுதி"ன்னான்.

அப்போ சத்தம் கேட்டு ஊர்க்கூட்டத்துப் பெரிய மீசை ஒருத்தரு ஓடியாந்தாரு. "பழம் எந்த வாசல்ல விழுந்துச்சு? தீர்ப்பு இருக்குல்ல, எந்த வாசல்ல விழுந்துச்சு?"ன்னு கேட்டாரு.

குருவம்மா சொன்னா, "எங்க விழுந்துச்சு மாமா? விழவே இல்லையே!"

மீசை தன் மீசையைத் தடவிப் பாத்தாரு. திரும்பிப் போயிட்டாரு.

மறுநாளே மடி நெறைச்சாங்க. பூவு, மஞ்சள், வளையலு எல்லாம் வச்சு, கடைசியில அழகி தன் ரெண்டு கையாலயும் பழத்தை எடுத்து, குருவம்மா மடியில வச்சா. வைக்கும்போதும் அவ கை கூடவே எறங்குச்சு. வச்சுட்டும் உடனே எடுக்கல.

அப்புறம் ஐப்பசி மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போது பொறந்துச்சு ஒரு பொண்ணு. கொட்டையை எங்க ஊனுறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. இந்த வாசலா, அந்த வாசலா? திரும்பவும் ஆரம்பிச்சுருவாங்களோன்னு குருவம்மாவுக்கு ஒரு பயம். காத்தான் போயி வேலியில ஒரு ஆளு அகலத்துக்கு முள்ளைப் புடுங்கிப் போட்டான். அந்த எடத்துல சடையன் குழி தோண்டுனான். அங்கதான் ஊனுனாங்க. செடிக்குத் தண்ணி ஊத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் வந்து போயி வந்து போயி, மிச்ச முள்ளு எப்போ காணாமப் போச்சுன்னு யாருக்கும் தெரியல.

அடுத்த கோடைக்கு சடையன் திரும்பவும் மரத்துல ஏறுனான். கீழ அண்ணனும் மதினியும் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. குருவம்மா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தா. "விட்டேன்! வா! விட்டேன்! வா!" அந்தப் பிள்ளை இதையே கேட்டுக் கேட்டு வளந்துச்சா, ஒரு நாள் மொதமொதல்ல வாயைத் தொறந்து பேசுச்சு. அம்மான்னு சொல்லல, அப்பான்னும் சொல்லல. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, "வா!"ன்னுச்சு.

குருவம்மா சிரிச்ச சிரிப்புல சேவல் திரும்பவும் கூரை மேல ஏறிருச்சு.

யாழு? ஏய் வாலு, "ம்"மைக் காணோமே? தூங்கிட்டியா? எங்க, பாப்போம். விட்டேன்...

"வா..."

அடி என் தங்கமே. பழமும் அடிபடாம எறங்கிருச்சு, கதையும் எறங்கிருச்சு. நீயும் மெதுவா எறங்கு, கீழ அத்தை ஏந்திக்கிறேன். தூங்கு.